இடது இடுப்பில் ஓர் உறை

என் முதல் துப்பாக்கி உறையை பீச் ஸ்திரீட்டில் ஒரு பெரிய கடையில் வாங்கினேன். கடைக்கார வெள்ளைக்காரன் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தான். பழுப்புத் தோல், பித்தளைப் பொத்தான், உள்ளே சிவப்பு வெல்வெட். அழகாக இருந்தது. அழகுக்காகவே வாங்கினேன். என்னைப் போல முட்டாள் அன்று அந்தத் தெருவில் வேறு எவனும் நடந்திருக்க மாட்டான்.

நான் அப்போது சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்குப்பிள்ளை. மாதத்துக்கு ஒருமுறை பினாங்கு டவுனுக்கு வந்து, பேங்கில் தோட்டத்துச் சம்பளத்தை வாங்கி, பெர்ரியில் கடல் தாண்டி அக்கரையில் இருக்கும் பிறைக்குப் போய், அங்கிருந்து சிம்பாங் அம்பாட் வரை ரயிலில் போய், அப்புறம் மாட்டு வண்டியில் ஏறிச் செம்மண் ரோட்டில் தோட்டத்துக்குப் போக வேண்டும். ஆறு வருஷம் கையில் ஒரு குடையோடு இதைச் செய்தேன். யாரும் என்னைத் தொடவில்லை. பிறகு பக்கத்துத் தோட்டத்துக் கிராணியை அதே செம்மண் ரோட்டில் கொள்ளைக்காரர்கள் வெட்டினார்கள். கை தோள் வரை கிழிந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்தார். ஆனால் கை போனது போனதுதான். அவரிடம் துப்பாக்கி இருந்தது. இடுப்பில் இருந்த உறையிலேயே, பொத்தான் போட்டபடியே, அதைப் போலீஸ் எடுத்தார்கள். பொத்தானைக் கழற்றக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் துரைக்குப் பயம் வந்தது. ஒரு ஆறு குண்டு ரிவால்வர் வாங்கி, என் பேரில் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்: "இது தொலைந்தால் நீ ஜெயிலுக்குப் போவாய். பணம் தொலைந்தாலும் ஜெயிலுக்குப் போவாய்." நான் செத்துப்போனால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, வெல்வெட் உறைக்கு வருகிறேன். வாங்கிய அன்றே அதைப் போட்டுக்கொண்டு பெர்ரி ஏறும் துறைக்குப் போனேன். நல்ல வேளை, அது சம்பள நாள் இல்லை. பெர்ரியில் ஏறும்போது காலில் கயிறு தட்டியது, குனிந்தேன். மூடியின் பொத்தான் தானே கழன்று, துப்பாக்கி வெளியே வந்து பலகையில் டமால் என்று விழுந்து, பலகைக்கும் படகுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை நோக்கி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு மலாய்க்காரக் கூலியாள் செருப்பில்லாத காலால் அதை மிதித்து நிறுத்தினார். இல்லாவிட்டால் அது கடலுக்கும் நான் ஜெயிலுக்கும் போயிருப்போம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

குதிரை வண்டி ஓட்டும் ராவுத்தர் ஒருவர் அங்கே நின்றிருந்தார். என்னைப் பல வருஷமாகத் தெரிந்தவர்.

"கிராணியாரே, இது என்ன உறை? பிள்ளைக்குத் தைச்ச சட்டையைப் பொம்மைக்குப் போட்ட மாதிரி இருக்கு."

"வெள்ளைக்காரன் கடையில வாங்கினது."

"வெள்ளைக்காரன் இடுப்பு வேறலா, உங்க இடுப்பு வேற. டத்தோ கிராமட் ரோட்டுல குதிரைச் சேணம் தைக்கிற இடம் ஒண்ணு இருக்கு. புருஷன் வெட்டுவான், பொண்டாட்டி தைப்பா. பொண்டாட்டிகிட்டப் பேசுங்க. என் குதிரைக்கு அவ தைச்ச பட்டை எட்டு வருஷமாச்சு, ஒரு புண்ணு வந்ததில்ல."

அவர்கள் என்ன சாதி என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. தோல் வேலை செய்கிறவர்கள் யார் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கடல் தாண்டி வந்தும் அதை மட்டும் ஒருவரும் கடலில் போடவில்லை. செருப்பு தைக்கக் கொடுத்தால் வாசலில் போட்டுவிட்டு வருவோம். உள்ளே போக மாட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பெண்ணை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், கடைசி வரை. இப்போது எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கே அப்படிக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

சம்பள நாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். கடை என்று சொல்ல முடியாது. ஒரு நீளமான அறை, முன்பக்கம் திறந்திருக்கும், சுவரெல்லாம் கடிவாளமும் வாரும் தொங்கும். தோல் நாற்றம், தேன்மெழுகு வாசனை. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். தரையில் உட்கார்ந்து, கால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மரக் கிடுக்கியில் தோலைப் பிடித்து, இரண்டு ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். ஒரே துளையில் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஊசி, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஊசி. இரண்டு கையும் ஒரே வேகம். புருஷன் மூலையில் பட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் வாசலில் நின்றபடியே வெல்வெட் உறையை நீட்டினேன். அவர் அதை வாங்கி, துப்பாக்கியை உள்ளே போடச் சொல்லி, பிறகு தலைகீழாகப் பிடித்தார். துப்பாக்கி நேரே புருஷனின் மடியில் விழுந்தது.

"அய்யோ!" என்றார் புருஷன். "குண்டு இருக்காடி?"

"இருந்தா நீ இந்நேரம் கத்துவியா?" என்றார் அவர். பிறகு உள்ளே விரலை விட்டுத் தடவினார். "வெல்வெட்டு. இந்த ஊர் மழைக்கு இது தண்ணி குடிக்கும். ஒரே மாசத்துல உங்க துப்பாக்கி துருப்பிடிச்சுப் போகும். இதைச் செஞ்சவன் இந்தத் துப்பாக்கியைக் கண்ணால பார்த்ததே இல்ல. ஏதோ பெரிய துப்பாக்கிக்குச் செஞ்சிருக்கான், நீங்க சின்னதைப் போட்டிருக்கீங்க."

"புதுசா ஒண்ணு செய்யணும். வியாழக்கிழமைக்குள்ள."

"செய்யலாம். துப்பாக்கியை விட்டுட்டுப் போங்க."

"விட முடியாது. லைசென்ஸ் என் பேர்ல. என் கையை விட்டுப் போகக்கூடாது."

"அப்போ கையையும் விட்டுட்டுப் போங்க" என்றார் புருஷன் மூலையிலிருந்து.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "துப்பாக்கி இல்லாம நான் செய்ய மாட்டேன், கிராணியாரே. அளவெடுத்துச் செஞ்சா இதே மாதிரிதான் வரும். ஈரத் தோலை அது மேலேயே போட்டு அழுத்தணும். வடிவம் பிடிக்கிற வரைக்கும் அது உள்ளேயே இருக்கணும். நீங்க விட்டுட்டுப் போக முடியாதுன்னா நீங்களும் இருங்க."

அதாவது, நாள் முழுக்க நான் அந்த அறைக்குள் உட்கார வேண்டும். என் ஆட்கள் யாராவது அந்த ரோட்டில் போனால் பார்ப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, எல்லார் மேலும். ஆனால் பொத்தான் போட்டபடி போலீஸ் எடுத்த அந்த உறை கண்ணுக்கு முன் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவர் ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

அளவெடுக்கப் போகிறார் என்று நினைத்து இடுப்பைக் காட்டினேன். அவர் நாடாவைத் தொடவே இல்லை.

"எந்திரிச்சு உட்காருங்க. இன்னொரு தடவை. வண்டியில எப்படி உட்காருவீங்களோ அப்படி."

உட்கார்ந்தேன்.

"பணப் பை எங்க இருக்கும்?"

"வலது பக்கம். கை அது மேல."

"எப்பவுமே வலது கைதானா?"

"பின்னே? சம்பளப் பணத்தை இடது கையால எவனாவது தொடுவானா?"

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "உறை எந்தப் பக்கம் வேணும்?"

"வலது பக்கம்."

"பை வலது கையில. துப்பாக்கி வலது இடுப்புல. அப்போ துப்பாக்கியை எடுக்க எந்தக் கை சும்மா இருக்கு?"

என் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தேன். இந்தக் கேள்வியைத் துரை கேட்கவில்லை. லைசென்ஸ் கொடுத்த அதிகாரி கேட்கவில்லை. கடைக்காரன் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிராணியும் வலது கையில் பையைப் பிடித்துக்கொண்டுதான் போயிருப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் பிடிப்போம்.

"பையைக் கீழ போட்டுட்டு எடுப்பேன்" என்றேன்.

"எடுத்துக் காட்டுங்க."

உள்ளே குண்டு இல்லை என்று இன்னொரு தடவை திறந்து பார்த்துக்கொண்டேன். அவர் ஒரு சாக்குத் துண்டை மடித்து, முள்ளால் குத்தி, என் வலது இடுப்பில் ஒரு தற்காலிக உறை மாதிரி மாட்டினார். கையில் ஒரு மணல் மூட்டையைக் கொடுத்தார். போட்டேன், எடுத்தேன். மறுபடியும். மூன்றாவது தடவை துப்பாக்கியின் சுத்தியல் சாக்கில் மாட்டியது. வியர்த்துவிட்டது.

அவர் திடீரென்று ஒரு மெழுகு உருண்டையை எடுத்து என் மூஞ்சியைப் பார்த்து வீசினார்.

பிடித்துவிட்டேன். இடது கையால்.

"அதானே பார்த்தேன்" என்றார். "உள்ளே வரும்போது செருப்பை அந்தக் கையாலதான் கழட்டினீங்க. நீங்க பொறந்ததே இடது கைக்காரர்."

எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தக் கையால் சோறு அள்ளினேன் என்று என் அப்பா அதில் சூடு போட்டார். தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு எழுதுவது, உண்பது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலது கை. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒருத்தருக்கும் தெரியாது. இங்கே முன்பின் தெரியாத ஒரு பெண் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துச் சத்தமாகச் சொல்கிறார்.

"வாயை மூடு" என்று கத்தினேன். "இடது கையால நான் துப்பாக்கி எடுக்கணுமா? கூலியாளுங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? சோத்துக் கை இருக்கும்போது—"

"துப்பாக்கி என்ன சோறா, சோத்துக் கையால எடுக்க?"

புருஷன் வெட்டுக் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "ஏய், ஐயாகிட்ட அப்படிப் பேசாத."

"ஐயா உசிரோட இருக்கணும்னுதான் பேசுறேன். செத்தாருன்னா யாரு காசு கொடுப்பா?"

எழுந்து வெளியே போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை போனேன். ஒரு சீனன் காய்கறிக் கூடையோடு என் மேல் இடித்துவிட்டுத் திட்டினான். நானும் திட்டினேன். அப்புறம் திரும்பி வந்தேன். காரணம் ஒன்றுதான்: அவர் சொன்னதில் தப்பு இல்லை. தப்பு இருந்திருந்தால் திரும்பியிருக்கவே மாட்டேன்.

"இடது பக்கமே செய்" என்றேன்.

"உட்காருங்க" என்றார். ஜெயித்த மாதிரி முகத்தைக் காட்டவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவருக்கு இரண்டு மடங்கு கொடுக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். புருஷன் கெட்டியான மாட்டுத் தோலில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அந்தப் பெண் அதை மடித்து, துப்பாக்கியை மேலே வைத்து, நகத்தால் கோடு போட்டு, துளை குத்தி, தைத்தார். தைத்ததும் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். குமிழி நிற்கும் வரை காத்திருந்தார். துப்பாக்கியை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஈரத் தோலுக்குள் தள்ளினார். பிறகு வழவழப்பான ஒரு எருமைக் கொம்புத் துண்டால் அழுத்த ஆரம்பித்தார். முதலில் ஒரு கோணலான பைதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் குண்டு உருளையின் புடைப்பு தெரிந்தது. அப்புறம் விசைக்குக் கீழே இருக்கும் வளையம். தோலுக்குள்ளிருந்து துப்பாக்கி தானே எழுந்து வருவது மாதிரி இருந்தது. கை அவசரப்படவே இல்லை. எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்பது விரலுக்குத் தெரிந்திருந்தது. நான் வருஷக்கணக்காகக் கணக்குப் புத்தகம் எழுதுகிறேன். அதில் ஒரு பக்கத்தைக்கூட இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை.

"விசை முழுக்க மூடியிருக்கணும்" என்றார், தனக்குத்தானே பேசுவது போல. "விரல் தெரியாம உள்ள போச்சுன்னா உங்க தொடையை நீங்களே சுட்டுக்குவீங்க. பிடி மட்டும் முழுசா வெளிய. மூடி வேணாம், பொத்தான் வேணாம். தோலே பிடிச்சுக்கும்."

"அடுப்புல காட்டினா சீக்கிரம் காயாதா?"

"காயும். சுருங்கும். அப்புறம் நீங்க துப்பாக்கியை எடுக்க உளி கொண்டு போகணும்."

அதனால் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் எதிர்க் கடைச் சீனப் பையன் ஒருவன் பால் இல்லாத காப்பி-ஓ கொண்டுவந்து நேரே என் கையில் கொடுத்தான். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நான் தொடலை. சீனன் கடைக் காப்பி உங்க சாதிக்கு ஆகும்ல?"

ஆகும். இருபது வருஷமாகச் சீனன் கடையில்தான் குடித்துக்கொண்டிருந்தேன். அங்கே யார் கழுவினான், யார் தொட்டான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. காப்பியைக் கீழே வைத்தேன். "தண்ணி இருக்கா?" என்று கேட்டேன். அவர் எழுந்து, உள்ளேயிருந்து செம்பில் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். இதைப் பெரிய காரியம் என்று நான் எழுதவில்லை. தாகம், தண்ணீர். அவ்வளவுதான். அதற்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது என்பதுதான் வெட்கம்.

சாயங்காலத்துக்குள் தோல் வடிவம் பிடித்துவிட்டது. துப்பாக்கியை எடுத்து என்னிடம் கொடுத்தார். மறுநாள் காலை மறுபடியும் போனேன். உறை காய்ந்து, மெழுகு தேய்த்து, கறுப்பாக மின்னியது. என் இடுப்பு வாரை வாங்கிப் பார்த்து, "இது வார் இல்ல, ரிப்பன்" என்று மூலையில் எறிந்தார். கெட்டியான வார் ஒன்றை எடுத்து, உறையின் பின்னால் அந்த வாரின் அகலத்துக்குச் சரியாக இரண்டு வெட்டு வெட்டினார். ஒரு நூல் அளவுகூட அதிகம் இல்லை. மாட்டியதும் உறை என்னோடு ஒட்டிக்கொண்டது. கோட்டைத் தையற்காரனிடம் கொடுத்து, கை தடையில்லாமல் உள்ளே போக இடது பக்கத் தையலைப் பிரித்துவிடச் சொன்னார்.

"குதிங்க."

குதித்தேன். துப்பாக்கி அசையவில்லை.

"குனிங்க. உருளுங்க."

"உருளவா?"

"பெர்ரியில விழுந்தா உருளத்தானே போறீங்க?"

நாற்பது வயதுக் கிராணி, வெள்ளைக் கால்சட்டையோடு, தோல் துண்டுகள் கிடந்த தரையில் உருண்டேன். துப்பாக்கி அசையவில்லை. எழுந்ததும், சொல்லாமல் கொள்ளாமல், "எடுங்க!" என்று கத்தினார். கை போனது தெரியவில்லை. துப்பாக்கி வெளியே இருந்தது.

"இந்த மூணு நாளும் இதையே செய்ங்க. குண்டு இல்லாம. தினமும் நூறு தடவை."

நூறு தடவைக்கு மேல் செய்தேன். கதவைச் சாத்திக்கொண்டு.

சம்பள நாள் வந்தது. பேங்க், பெர்ரி, ரயில், எல்லாம் ஒழுங்காக நடந்தன. சிம்பாங் அம்பாட்டில் வண்டி ஏறினோம். வண்டிக்காரரும் நானும் மட்டும். பை வலது பக்கம், கை அதன் மேல். ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும் இடத்தில் ரோட்டின் குறுக்கே ஒரு மரம் கிடந்தது. காற்றில் விழுந்த மரம் இல்லை. வெட்டு புதிதாக இருந்தது. வண்டிக்காரர் மாட்டை இழுத்து நிறுத்தினார். "கிராணியாரே..." என்றார். மூன்று பேர் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் பாராங் கத்தி. அவன் கண் என் வலது கையில் இருந்தது. அந்தக் கை பையின் மேல் இருந்தது. அதைப் பார்த்து அவனுக்குத் தைரியம் வந்தது. ஓடி வந்தான்.

வண்டிச் சக்கரத்துக்கு அவன் வருவதற்குள் துப்பாக்கி அவன் நெற்றிக்கு நேரே இருந்தது. நான் எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவன் நின்றான். அவன் முகத்தில் பயத்துக்கு முன்னால் வந்தது ஆச்சரியம். துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. எனக்குத் தெரிந்த மலாய், தமிழ், சீன வசவு எல்லாவற்றையும் கலந்து கத்தினேன்: "கத்தியைப் போடு! போய் மரத்தை இழு! மூணு பேரும்!"

கத்தி விழுந்தது. மூன்று பேரும் மரத்தை ரோட்டு ஓரத்துக்கு இழுத்தார்கள். சுமாரான மரம் இல்லை. நன்றாக மூச்சு வாங்கினார்கள். வழி கிடைத்ததும் வண்டி கிளம்பியது. நாங்கள் திருப்பம் தாண்டும் வரை திரும்பி உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

அடுத்த மாதம் டவுனுக்கு வந்தபோது டத்தோ கிராமட் ரோட்டுக்குப் போனேன். புருஷன்தான் முதலில் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன், சுருக்கமாக. அவர் வாயைப் பிளந்தபடி கேட்டார். அந்தப் பெண் மட்டும் கேட்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு கடிவாளத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"சுட்டீங்களா?" என்றார் கடைசியில்.

"இல்ல."

"நல்லது. உறையைக் கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, தையலை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே முகர்ந்து பார்த்தார்.

"உன்னாலதான் நான் உசிரோட இருக்கேன்" என்றேன். அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். வேறு விதமாகச் சொல்ல வரவில்லை.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "எண்ணெய் போட்டிருக்கீங்க" என்றார். "யாரு போடச் சொன்னா? எண்ணெய் போட்டா தோல் தளரும். தளர்ந்தா துப்பாக்கி விழும். மெழுகு மட்டும்தான். துணியில கொஞ்சமா எடுத்து, வெளிப்பக்கம் மட்டும். தெரியுதா?"

தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து, அவர் கொடுத்த துணியால் எண்ணெயை எல்லாம் துடைத்தேன். சரியாகத் துடைக்கவில்லை என்று இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தார்.